பிரேக்கும் பலகையும்

மலை இறக்கத்தில் லாரி மோதினால் மறுநாள் செய்தியில் இரண்டே சொற்கள்: 'பிரேக் பிடிக்கவில்லை.' எல்லோருக்கும் வசதியான காரணம். 2022 நவம்பரில் புனே அருகே நவலே பாலத்தில் ஒரு லாரி இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்துத் தள்ளியபோதும் முதலில் இதுதான் சொல்லப்பட்டது. பிரேக்கில் பழுதில்லை, டிரைவர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டியிருக்கிறார் என்று போலீஸ் பிற்பாடு சொன்னது.

டீசலை மிச்சம் பிடிக்கும் பழைய வித்தை இது. பல இடங்களில் நடைக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குக் கட்டித் தருகிறார்கள், மிஞ்சுவது டிரைவருக்கு. ஆனால் இன்றைய எலெக்ட்ரானிக் எஞ்சின், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டதுமே டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் குடிக்கிறது. மிச்சம் என்பது வெறும் நம்பிக்கை.

40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். கியரில் வந்தால் இதில் கணிசமான பங்கை எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் ஏறக்குறைய அத்தனையும் பிரேக் டிரம்மில். சூட்டில் டிரம் விரிகிறது, லைனிங் பிடிப்பை இழக்கிறது. பெடலை எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. காற்று இருக்கிறது, பிரேக் இல்லை. எஞ்சினையும் அணைத்திருந்தால் கம்ப்ரஸர் ஓடாது. டேங்கில் மிச்சமிருக்கும் காற்றுதான் கதி.

காற்று முழுதும் போனால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்ற தைரியம் பலருக்கு உண்டு. பிடிக்கும்தான். ஆனால் அந்த ஸ்பிரிங்கும் தள்ளுவது அதே வெந்த லைனிங்கைத்தான்.

தப்பு பெரும்பாலும் மலைக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. லைனிங் தேயத் தேய சேம்பரின் தண்டு கூடுதல் தூரம் நகர வேண்டும். எல்லையைத் தொட்டுவிட்டால் மேற்கொண்டு தள்ள அதற்கு இடமில்லை. அந்த இடைவெளியைச் சரிசெய்வது ஸ்லாக் அட்ஜஸ்டர். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியிலும் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து முடுக்குவதைக் காணலாம். அது அடிக்கடி தளர்ந்தால் அட்ஜஸ்டரோ, கேம் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். முடுக்குவது நோயை மறைப்பது.

இன்னொரு கைவைத்தியம் இதைவிட மோசம். ஒரு சக்கரத்தில் காற்றுக் கசிந்தால் அதன் ஹோஸை அடைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்வது. அந்தச் சக்கரத்தின் வேலை மற்றவற்றின் தலையில் விழுகிறது. அச்சில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கிறது. 2018இல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் அனுமதி எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை கூடிய காலத்தில் சக்கரத்தைக் குறைத்துக்கொள்வது விபரீதம். தினமும் டேங்கைத் திறந்து தண்ணீரை வடிப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது.

பிரேக்குக்கு இத்தனை செய்தவர்களும் டிரெய்லரின் தளப்பலகையை மறந்துவிடுகிறார்கள். சடன் பிரேக் போட்டால் வண்டி நிற்கும், சுமை நிற்காது. முன்னே இருப்பது கேபின், அதற்குள் டிரைவர். இரும்புக் காயிலோ தகடோ இரும்புத் தளத்தில் வழுக்குவதைப் போல மரத்தில் வழுக்காது. மரத்தளத்தை இன்னும் விடாதிருக்கக் காரணம் இதுதான். மட்கிய பலகையில் இந்தப் பிடிப்பு இல்லை. சுமை ஓரிடத்தில் அமிழ்ந்தால் கட்டிய செயின் தளர்கிறது.

பலகை மேலே பளிச்சென்று இருக்கலாம். மட்குவது அடியில், குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்திலும் போல்ட் துளையைச் சுற்றியும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரியும். மாற்றும்போது பழைய பலகையைக் கழற்றியதும் புதியதைப் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம்; வெறும் சட்டம் கண்ணில் படும் ஒரே சந்தர்ப்பம் அப்படி வீணாகிறது. துருவைச் சுரண்டி, வெல்டிங் விரிசலைப் பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பலகை ஏற வேண்டும். அறுத்த முனைகளுக்கும் துளைகளுக்கும் பெயிண்ட் அவசியம். தண்ணீர் நுழைவது அங்கேதான். போல்ட் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். புதுமரம் காயக் காயச் சுருங்கும் என்பதால் இரண்டு மூன்று நடை முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை முடுக்க வேண்டும்.