இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சிரிப்பு



போன மாதம் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு வங்கியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் கவுண்டர் முன்னால் ஒரு மாணவி வந்து நின்றாள். பி.எஸ்சி. முதலாண்டு. ஆதிதிராவிடர் மாணவியர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உதவித்தொகை கணக்கில் ஏறவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் ஆதார் எண் கணக்கோடு இணையவில்லை என்று காட்டுகிறது. காரணம் அவள் பேர். பேரில் ஒரு ழகரம் வருகிறது. பள்ளிச் சான்றிதழில் அதற்கு இசட், ஹெச் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் கணக்கு திறந்திருக்கிறது. ஆதாரில் இருப்பது வெறும் எல்.

"உன் பேர இங்கிலீஷ்ல யாரும்மா எழுதினது?"

"இது ஸ்கூல்ல டீச்சர் எழுதினது சார். அது ஆதார் எடுக்க வந்தவங்க எழுதினது."

"நீ எப்படி எழுதுவ?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ரெண்டுல எது கரெக்ட்டுன்னு சொல்லுங்க சார், அப்படியே எழுதிக்கறேன்."

திருத்த விண்ணப்பத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப என் பக்கமே நகர்த்தினாள். பின்னால் நிற்கும் வரிசையை ஒரு முறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "நீங்களே எழுதிடுங்க சார், எனக்கு இங்கிலீஷ் வராது" என்றாள்.

பன்னிரண்டு வருசம் இங்கிலீஷ் படித்து, பிளஸ் டூவில் அந்தப் பாடத்தில் எழுபதுக்கு மேல் மார்க் வாங்கியிருக்கும் பெண் அவள். 'வராது' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இந்தத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோது எனக்கு 26 எழுத்தும் தெரியும். கூட்டிப் படிக்கத் தெரியாது. வாத்தியார் ஒரு வரி படிப்பார். நாங்கள் புத்தகத்தில் அந்த வரிக்கு மேலேயே பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வோம். அப்புறம் அதைப் பார்த்து மனப்பாடம். அர்த்தம் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்படியே பத்தாவது, அப்படியே பிளஸ் டூ. பாஸ் ஆகிவிட்டோம்.

கல்லூரியில் முதல் நாள் இங்கிலீஷ் வகுப்பு. ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுனில் கான்வென்ட்டில் படித்த பையன்கள் மளமளவென்று சொல்லி உட்கார்ந்தார்கள். என் முறை வருவதற்குள் மனசுக்குள் பத்து தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். எழுந்து பேரைச் சொன்னேன். "ஐ ஆம் கம்மிங் ஃப்ரம்..." என்று எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னேன். பேராசிரியர், "என்னப்பா, இப்பத்தான் பஸ்ல வந்து எறங்குறியா?" என்றார். வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்து, "ஹாஸ்டலா? எந்த ஹாஸ்டல்?" என்று கேட்டார். சொன்னேன். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. 'ஓ' என்று ஒரு பார்வை மட்டும். சிரிப்புக்கு அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அந்த ரெண்டு கேள்விக்கு நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் செய்த பிழை, அடுத்த நிமிடமே பிறப்பின் பிழையாக மாறிவிட்டது. கான்வென்ட் பையன் தப்பாகப் பேசினால் அது வாய் தவறியது. நாம் தப்பாகப் பேசினால் 'கோட்டாவுல வந்தது' என்று ஆகிவிடுகிறது. மறுநாள் நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். மூன்று வருசம் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை. ரெண்டு அரியர், ரெண்டுமே இங்கிலீஷ்.

அரியரை முடிக்க வைத்தது பேராசிரியர் இல்லை. விடுதியில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். ஒரு நாள் ராத்திரி அந்தச் சிரிப்புக் கதையை அவரிடம் சொன்னேன். பழைய தினசரியின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். "டேய் தம்பி, 'தினமும் காலேஜுக்கு வர்றேன்'னு சொல்றோம். 'இதோ வந்துட்டேன், வர்றேன்'னும் சொல்றோம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'வர்றேன்' போதும். இங்கிலீஷ்காரனுக்கு அது ரெண்டு. எப்பவும் உள்ளதுக்கு 'ஐ கம்'. இப்ப நடக்கறதுக்கு 'ஐ ஆம் கம்மிங்'. நீ தமிழ்ல சரியாத்தான் யோசிச்சிருக்க, அவன் கணக்கு வேற." பத்து நிமிசம் ஆகியிருக்காது. மூன்று வருசத்து அவமானம் அந்தப் பேப்பர் ஓரத்தில் இறங்கிவிட்டது.

தமிழில் வினை கடைசியில் வரும், இங்கிலீஷில் எழுவாய்க்கு அடுத்தே வந்துவிடும். நாம் பெயருக்குப் பின்னால் 'இல்', 'க்கு' என்று ஒட்டுவதை அவர்கள் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறார்கள். 'எனக்குப் பசிக்குது' என்ற வாக்கியத்தில் 'நான்' இல்லை. இங்கிலீஷில் 'நான்' இல்லாமல் பசிக்காது. நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு தமிழ் இலக்கணம் உள்ளே இருந்து செய்யும் வேலை. இது தெரிந்த ஆசிரியர் பிழையைப் பார்த்தவுடன் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்வார். தெரியாதவர் சிரிப்பார். இரண்டாம் மொழியைச் சொல்லிக்கொடுக்க முதல் மொழி வேண்டும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகள் முதலில் பிடுங்கிக்கொள்வது அதைத்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். மெக்காலே 1835இல் தன் குறிப்பை எழுதினார். மேலே சிலருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும், அவர்கள் வழியாகக் கீழே இருப்பவர்களுக்கும் அறிவு இறங்கும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இறங்கவில்லை. நூற்றாண்டுகளாகக் கல்வியைக் கையில் வைத்திருந்தவர்களே இங்கிலீஷையும் கையில் எடுத்து, கச்சேரியிலும் கலெக்டர் ஆபீசிலும் உட்கார்ந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூர் கலாசாலையில் படித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவரில் பத்துப் பேர் போக மற்றவர்கள் எல்லாம் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் பழகாமல், விளையாடப் போகாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படித்தவர் அவர். அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். கூடாது என்றார்கள், பாரசீகம் படித்தார். சமஸ்கிருதத்துக்குக் கதவைச் சாத்திவைக்க சாஸ்திரம் இருந்தது. இங்கிலீஷுக்குச் சாஸ்திரம் இல்லை. அதனால் பீஸும் சிரிப்பும் வந்தன.

கதவு கொஞ்சம் திறந்த இடத்திலெல்லாம் நம் முன்னோர் நுழைந்திருக்கிறார்கள். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே, 1854இல் வந்த தன் கவிதைத் தொகுப்பில் இங்கிலீஷ் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது சேரிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். இன்னொன்றையும் பாருங்கள். 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தமிழில் நடத்தியவர்தான் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1920இல் மராத்தியில் 'மூக்நாயக்' நடத்திய அண்ணல்தான் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை இங்கிலீஷில் எழுதினார். தன் மக்களோடு பேச ஒரு மொழி, அதிகாரத்தோடு மோத இன்னொரு மொழி. ரெண்டையும் கையில் வைத்திருந்தார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

நாம் இன்றைக்கு ரெண்டு பக்கமும் இழுபடுகிறோம். மேடையில் ஒருவர், ஆங்கில மோகம் அடிமைத்தனம், தாய்மொழிக் கல்வியே விடுதலை என்கிறார். கை தட்டுகிறோம். அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழ்வழிக் கல்வியின் தியாகத்தை ஏன் எப்போதும் சேரிப் பிள்ளைதான் செய்ய வேண்டும்? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் என்று 2010இல் சட்டம் வந்தது, நல்லது. அதற்கு வெளியே இருக்கிற நேர்முகத் தேர்வு, மேற்படிப்பு, ஆராய்ச்சி எல்லாம் இங்கிலீஷ் பேசுகின்றன. கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று ஒன்றிய அரசு 2021இல் அறிவித்த பிறகும் இங்கிலீஷ் பகுதி அப்படியேதான் இருந்தது. நான் எழுதியபோது முதல்நிலைத் தேர்வில் 100க்கு 30 மதிப்பெண் அதற்கு.

இன்னொரு பக்கம், உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பங்கா கிராமத்தில் 2010இல் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்ட ஆரம்பித்தார்கள். சந்திரபான் பிரசாத் முன்னின்று செய்தது. ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அரசியல் சட்டம், கம்ப்யூட்டர் மேல் நிற்கிற தாய். அதிகாரிகள் வந்து கட்டுமானத்தை நிறுத்தினார்கள். அந்தக் கோபமும் ஆசையும் எனக்குப் புரிகின்றன. ஆனால் சாமிக்கு முன்னால் நின்றால் கையெடுத்துத்தான் கும்பிட முடியும், கையில் எடுத்துப் புழங்க முடியாது. நம் ஊர் அரசுப் பள்ளிகளிலும் 2012க்குப் பிறகு ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. போர்டு மாறியது. வாத்தியார் அவரேதான், மனப்பாடமும் அதேதான். முன்பு இங்கிலீஷ் ஒரு பாடம்தான் புரியாமல் இருந்தது, இப்போது அறிவியலும் கணக்கும் சேர்ந்து புரியவில்லை. இங்கிலீஷை நன்றாகச் சொல்லிக்கொடு என்றால் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறார்கள். ரெண்டும் ஒன்றா?

இது வேலைக்கான விசயம் மட்டும் இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுகிறோம். கீழ்க்கோர்ட்டைத் தாண்டி உயர்நீதிமன்றம் போனால் வழக்கின் மொழி இங்கிலீஷ். வெட்டுப்பட்டவன் தன் வழக்கின் தீர்ப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கு என்று வக்கீல் குமாஸ்தாவிடம் போய் நிற்கிறான். குமாஸ்தா சொல்வதுதான் தீர்ப்பு. அடி வாங்கியது தமிழில், ஆறுதல் இன்னொருவன் வாய் வழியாக. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று போராடுவோம். அது வரும்வரை அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு காலனியிலும் ஒருவராவது இருக்க வேண்டாமா?

நம் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. நம் கருத்தரங்குகளில் இங்கிலீஷ் பேசுபவர் வந்தால் மேடையில் நாற்காலி போடுகிறோம். தப்பும் தவறுமாகப் பேசும் நம் மாணவன் எழுந்தால் நமக்குள்ளேயே ஒருவர் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேராசிரியரிடம் கற்றுக்கொண்டதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன் பாருங்கள்.

என்ன செய்யலாம்? அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பிள்ளைகளின் பேச்சு புரிந்த, தமிழ் வழியாக இங்கிலீஷ் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர்களைப் போடச் சொல்வோம். கல்லூரி முதல் பருவத்தில் தமிழ்வழியில் வந்தவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்வோம். அது வரும்போது வரட்டும். விடுதியில் இருக்கும் மூத்த மாணவர்களே, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம் உங்களிடம் இருக்கிறது. ஜூனியர் நாலு பேரை உட்கார வைத்து, அண்ணல் எழுதியதை மூலத்திலேயே ஒரு நாளைக்கு ஒரு பத்தி படியுங்கள். அகராதி பக்கத்தில் இருக்கட்டும். தமிழில் விவாதியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் இங்கிலீஷில் ரெண்டு வரி சொல்லட்டும். ஒரே ஒரு விதி: யாரும் சிரிக்கக் கூடாது.

இந்த இதழும் தன் பங்குக்கு ஒன்று செய்யும். உங்கள் முதல் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதலாம். இங்கிலீஷிலும் எழுதலாம். தப்பு இருந்தால் இருக்கட்டும், அச்சிடுவோம். பக்கத்திலேயே அந்தத் தப்பு தமிழின் எந்த மூலையிலிருந்து வந்தது என்றும் சேர்த்து எழுதுவோம்.

அந்த மாணவிக்கு நான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் சொன்னேன். அவளே எழுதினாள். இருபது நிமிசம் ஆனது. வரிசையில் ஒருவர், "என்னா சார், பேங்க்ல டியூசன் எடுக்கறீங்களா?" என்று கத்தினார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். பேர் எழுதும் கட்டம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். சான்றிதழில் உள்ளதை வைத்துக்கொண்டால் பின்னால் அலைச்சல் குறைவு, ஆதாரை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "இசட் ஹெச் போட்டா 'ழ' வருமா சார்?" என்று கேட்டாள். இங்கிலீஷில் அந்தச் சத்தம் கிடையாது, நமக்காக நாமே வைத்துக்கொண்ட அடையாளம்தான் அது என்று சொன்னேன்.

"அப்ப அவங்களுக்கும் வராதா?" என்றாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். உதவித்தொகை இன்னும் ஏறவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.