டைப் எழுதினால் சோதனை ஆகிவிடுமா?

"டைப் போட்டாச்சு, இனி தப்பான மதிப்பு உள்ளே வராது." பைத்தானில் வேலை செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கிளாஸில் ஆட்ரிபியூட் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோலனும் 'இன்ட்' என்ற சொல்லும் போட்டுவிட்டால், புரோகிராம் ஓடும்போது பைத்தானே சோதித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. சுத்தப் பொய்.

ஒரு டேட்டாகிளாஸ் எழுதிப் பாருங்கள். விலை இன்ட், எண்ணிக்கையும் இன்ட். வெப் படிவத்திலிருந்து விலை "50" என்று ஸ்ட்ரிங்காக வருகிறது, எண்ணிக்கை 3. ஆப்ஜெக்ட் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் உருவாகிவிடும். பெருக்கினால் 150 வராது, 505050 வரும். ஸ்ட்ரிங்கை எண்ணால் பெருக்கினால் அதையே திரும்பத் திரும்ப ஒட்டித் தருவது பைத்தானின் வழக்கம். எர்ரர் வந்து நின்றிருந்தாலாவது தேவலை. இது பில் வரைக்கும் போகும்.

பைத்தான் இதை ஒளித்தும் வைக்கவில்லை. 2015இல் 3.5 பதிப்போடு டைப் ஹின்ட் வந்தபோதே, மொழி டைனமிக்காகத்தான் தொடரும் என்று பெப் 484 ஆவணம் சொல்லிவிட்டது. 2018இல் வந்த டேட்டாகிளாஸும் அந்தக் குறிப்பைப் பார்த்து எவை ஃபீல்டுகள் என்று தெரிந்துகொள்கிறதே தவிர, வரும் மதிப்போடு ஒப்பிடுவதில்லை. எல்லோரும் கேலி செய்யும் பிஎச்பி, 2019இல் 7.4 பதிப்பிலிருந்து ப்ராபர்ட்டியின் டைப்பை ரன்டைமிலேயே சோதிக்கிறது!

'மைபை ஓட்டுகிறோமே?' என்பார்கள். தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் மைபை என்ற டைப் சரிபார்க்கும் கருவி படிப்பது நீங்கள் எழுதிய கோடைத்தான். நள்ளிரவில் வேறொரு சர்வர் அனுப்பும் ஜேசானை அது பார்க்கப்போவதில்லை. பைடான்டிக் என்ற லைப்ரரி, ஆப்ஜெக்ட் உருவாகும்போது சோதிக்கும், உண்மைதான். பிறகு அதே ஆட்ரிபியூட்டில் வேறு மதிப்பைத் திணித்தால்? அதற்கென்று தனியாக செட்டிங் போடாவிட்டால் கண்டுகொள்ளாது.

இதைக் கேட்டுப் பதறிப்போய் எல்லா செட்டரிலும் 'இஸ்இன்ஸ்டன்ஸ்' எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் வீண் வேலை. பைத்தானில் பூலியன் என்பது இன்ட்டின் சப்கிளாஸ். விலை 'ட்ரூ' என்று வந்தாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். மைனஸ் 50 ரூபாயும் தேறும்.

தரவு வெளியிலிருந்து நுழையும் இடத்தில், அது படிவமோ ஜேசானோ சிஎஸ்வி ஃபைலோ, டைப்பையும் மதிப்பையும் சேர்த்துச் சோதியுங்கள். அந்தச் சோதனையை நீங்கள்தான் எழுத வேண்டும். கோலன் எழுதித் தராது.