தாந்திரிகத்தின் பிள்ளையா விக்கா?

மேனாட்டில் எது முளைத்தாலும் அதன் வித்து எம்முடையதே என உரிமை கோருவது நம்மவர் சிலருக்கு நோயாகிவிட்டது. 'விக்கா' எனப்படும் புதிய சூனியக்கார சமயம் இந்துத் தாந்திரிகத்தின் பிள்ளையே என்பதும் அத்தகைய முழக்கமே. தேவி வழிபாடும், ஆண் பெண் கூடலைச் சடங்காக்குதலும் இரண்டிலும் உண்டாம். ஆகவே ஒன்று மற்றதைப் பெற்றதாம்! ஒப்புமை காட்டல் எளிது. வந்த வழியைக் காட்டுவதன்றோ ஆராய்ச்சி?

வழி உண்டு; ஆனால் அது மயிரிழை. விக்காவைத் தோற்றுவித்த ஜெரல்ட் கார்ட்னர் 1900 இல், பதினாறு வயதளவில், இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்கு வந்தவர். சூனியக்காரர் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்ததோ 1954 இல். அவர் தம் சடங்குகளுக்குத் தாராளமாக எடுத்தாண்டது அலிஸ்ரர் குறோலியின் எழுத்துகளை. அக்குறோலி 1901 இல் கண்டியில் நண்பர் அலன் பெனற்றுடன் யோகம் பயின்றார். பெனற், பொன்னம்பலம் இராமநாதனின் புதல்வர்க்கு ஆசிரியராயிருந்து அவரிடமே யோகம் கற்றவர் என்பது குறோலியின் கூற்று. அதே இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியிலேதான் நமது பல்கலைக்கழகம் 1974 இல் வளாகமாகத் தோன்றியது. நெஞ்சு நிமிர்கிறதா? நிமிரட்டும்! ஆயினும் அங்கே கற்கப்பட்டது யோகம், பஞ்சமகாரமன்று. விக்காவின் வட்டமும் வாளும் ஐரோப்பிய மந்திர நூல்களின் வழிவந்தவை. ஆடையின்றி வழிபடுவோரை அவர்கள் 'வானத்தை உடுத்தோர்' என்பர். இச்சொல்லில் இந்திய வாடை உண்டு. 'திகம்பரர்' என்பதன் பொருளும் அதுவே. ஆனால் அப்பெயர் முதலில் நினைவூட்டுவது சமணத் துறவியரை அன்றோ!

சமணம் என்றதும் நம் வீட்டுக் கதையொன்று எழுகிறது. கண்ணகியைச் சமணப் பெண்ணென்று கூறி அவள் வழிபாட்டைக் கண்டித்தவர் நாவலர் (1822–1879). பாதிரிமாரின் ஏளனத்துக்கு விடையிறுக்க வேண்டியிருந்த காலம் அது. அவரைத் தூற்றுதல் என் நோக்கமன்று. அவர் வழிவந்தோர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல, இராசராசேசுவரி, புவனேசுவரி என்ற பெயர்களோடு ஆகமக் கோயில்களாயின. வேள்வி இழிவெனப்பட்டது. வேடிக்கை யாதெனில், புதிதாக அழைத்துவரப்பட்ட அவ்விரு தேவியரும் சாக்த தந்திரம் போற்றும் தெய்வங்களே! தந்திரத்தைத் தேடுவோர் இங்கிலாந்தின் காடுகளுக்குப் போவானேன்? சக்கரங்களை விரித்துரைக்கும் திருமந்திரத்தின் நான்காந் தந்திரத்தைப் பரீட்சைக்கன்றி நம்மில் எத்தனை பேர் திறந்தோம்?

எந்த ஊர்க் கண்ணகி, எந்த ஆண்டில், எவர் தீர்மானத்தால் ஈசுவரியானாள். பழைய பூசாரியின் குடும்பம் என்னாயிற்று. அவர்கள் ஏடு யார் பெட்டியில் கிடக்கிறது? கார்ட்னருக்குத் தந்தைமை கோரும் நண்பர்கள் முதலில் இவற்றுக்கு விடை கொண்டுவரட்டும்.