சைக்கிளை விடுங்கள், வட்டியூர்க்காவைப் பாருங்கள்

இஸ்ரோ ராக்கெட் விட்டால் போதும், தும்பாவில் ராக்கெட் மூக்கை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்த 1960களின் படத்தை நம்ம சொந்தக்காரர்கள் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. சைக்கிள் பெருமையா, அதில் போன சரக்கு பெருமையா?

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அதே திருவனந்தபுரத்தில், வட்டியூர்க்காவில் இருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் காம்போசிட் பிரிவு அங்கேதான். காம்போசிட் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. வைக்கோல் கலந்து மண்சுவர் எழுப்பினார்களே நம் பாட்டன்மார், அதே யோசனை. வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை, கார்பன் இழை, கெவ்லர். மண்ணுக்குப் பதில் எபாக்சி மாதிரி பிசின். மூங்கிலைப் போல, இழை ஓடும் திசையில்தான் பலம். குறுக்கே இழுத்தால் பாரம் பிசின் தலையில்! அதனால் விசை வரும் பக்கம் பார்த்து, கோணம் கணக்குப் போட்டு இழையைச் சுற்றுகிறார்கள். (காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனியில் எனக்குச் சம்பளம் தருவதும் இந்தக் கோணக் கணக்குக்குத்தான்.)

பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்ட மோட்டாருக்கு கெவ்லர் உறை. உச்சிக் கட்டத்தில் ஒரு கிலோ குறைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சாட்டிலைட் கூடுதலாக ஏற்றலாம். நான்காம் கட்ட நாசிலின் விரிந்த பகுதியை, கொலம்பியம் கலப்பு உலோகத்தை விட்டுவிட்டு, கார்பன்-கார்பனில் செய்ததாக 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது. அந்தப் பகுதியின் எடை சுமார் 67 சதவீதம் குறைவு. 15 கிலோ வரை கூடுதல் சுமை. 200 விநாடி எரித்துப் பார்த்தது நம்ம திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியில்.

சரி, இதனால் சாதாரண ஜனத்துக்கு என்ன லாபம்? ஹைதராபாத்தில் நடந்ததை அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அக்னி ஏவுகணைக்கான லேசான பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் ஒருவர், கலாமை நிம்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் உலோகக் காலிப்பரோடு கால் இழுத்து நடந்த பிள்ளைகளைக் காட்டினார். மூன்றே வாரத்தில் 300 கிராமில் காலிப்பர் தயார்.

என்னைக் கேட்டால், நாசிலைவிட இதுதான் பெரிய காரியம். ராக்கெட்டுக்கு 15 கிலோ என்றால் செய்தி வருகிறது; பிள்ளையின் காலில் இரண்டே முக்கால் கிலோ குறைந்தால் யார் எழுதுகிறார்கள்? ஊரில் முகாம் நடத்தப் பணம் திரட்டும் நம் சங்கங்கள், செக் எழுதுமுன் காலிப்பர் என்ன எடை என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியிருக்கும், அடுத்த அளவுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.