32 ஆயிரம் பேர் வாழும் ஊரில் தினமும் 16 ஆயிரம் டூரிஸ்ட்: அலாஸ்கா க்ரூஸ் கப்பல்களுக்கு ஜூனோ ‘லிமிட்’ போட்டது ஏன்?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோ. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 32,255 பேர். தலைநகர் என்று பேர்தான் பெரிசு, தலைகளை எண்ணினால் நம்ம பக்கத்து சின்ன நகராட்சி ஒன்றின் அளவு. ஆனால் 2023-ல் மட்டும் இந்த ஊருக்குக் கப்பலில் வந்து போனவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். அதுவும் வருடம் முழுக்க அல்ல. ஏப்ரலில் ஆரம்பித்து அக்டோபரில் முடிந்துவிடும் ஒரே சீசனில்!

இந்த ஊர் நிர்வாகம் க்ரூஸ் நிறுவனங்களுடன் பேசி, 2026 சீசனிலிருந்து ஒரு நாளைக்கு 16,000 பேர், சனிக்கிழமைகளில் 12,000 பேர் என உச்சவரம்பு நிர்ணயித்திருக்கிறது. அதே ஊர் மக்கள், ‘சனிக்கிழமை பெரிய கப்பலே வரக் கூடாது’ என்ற யோசனையை 2024 அக்டோபரில் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். கப்பல் வேணும்னா எதுக்கு லிமிட்? வேண்டாம்னா எதுக்கு அப்படி ஓட்டுப் போட்டாங்க? இதற்குப் பதில் தெரிய, முதலில் அந்தக் கப்பல் எந்த வழியில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

விக்டோரியாவில் ஏன் நிற்கிறது?

அலாஸ்கா க்ரூஸ்களில் ரொம்பப் பிரபலமானது, சியாட்டிலில் கிளம்பி ஏழு இரவுகளில் சியாட்டிலுக்கே திரும்பும் பயணம். வழியில் கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, சிட்கா போன்ற ஊர்களில் மூன்று, நான்கு நிறுத்தங்கள். இரவில் கப்பல் ஓடும். காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே புது ஊர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக அலைய வேண்டாம். இந்த வசதிக்காகத்தான் கூட்டம் அம்முகிறது.

அட்டவணையைப் பார்த்தால் ஒரு இடம் மட்டும் உறுத்தும். கடைசி ராத்திரி, கப்பல் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். பெரும்பாலும் சாயங்காலம் போய், நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். ஊர் சுற்ற இதெல்லாம் ஒரு நேரமா என்று கேட்கத் தோன்றும்.

காரணம் 1886-ல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டில் பதிவான கப்பல், இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது அது. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் சுற்றுப் பயணம் என்றால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். பெரிய க்ரூஸ் கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவானவை. அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய க்ரூஸ் கப்பல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஹவாயில் ஓடுகிறது. ஆக, விக்டோரியா நிறுத்தம் பயணிக்காக அல்ல, சட்டத்துக்காக.

கொரோனா காலத்தில் இதுவே பெரிய சிக்கலானது. கனடா தன் துறைமுகங்களை க்ரூஸ் கப்பல்களுக்கு மூடியது. அலாஸ்கா திறந்திருந்தாலும் கப்பல் வர வழியில்லை. 2020-ல் பெரிய கப்பல் ஒன்றுகூட வரவில்லை. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு கொடுத்த பிறகுதான் ஜூலையில் கப்பல்கள் திரும்பின. அந்த ஒன்றரை வருடத்தில் கடலோர ஊர்களின் கல்லாப்பெட்டி எப்படிக் காய்ந்தது என்பது அந்த மக்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. பிறகு வந்த தேர்தல்களைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. பின்னால் மலையும் பனிக்கட்டிப் பரப்பும், முன்னால் கடல். விமானம், இல்லையென்றால் கப்பல். அதனால் ஊரின் நடுவே, தலைமைச் செயலகத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே கப்பல்கள் வந்து கட்டுகின்றன. நான்கு கப்பல்கள் கரையோரம் கட்டி நிற்கும். ஐந்தாவது கப்பல் நங்கூரம் போட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருவார்கள்.

காலை இறங்குபவர்களுக்குக் கையில் இருப்பது சுமார் எட்டு மணி நேரம். மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பஸ், திமிங்கிலம் பார்க்கப் படகு, பனிப்பரப்பில் இறங்க ஹெலிகாப்டர், ராபர்ட்ஸ் மலைக்கு ரோப் கார். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் திரும்புவதால், ஊருக்கு அது நாள் முழுக்கப் பரவிய கூட்டம் அல்ல. அலை மாதிரி வந்து அடித்துவிட்டுப் போகும் கூட்டம். ஹெலிகாப்டர் சத்தம், பஸ் நெரிசல், போன் நெட்வொர்க் படுத்துவிடுவது என உள்ளூர்க்காரர்களின் புகார்ப் பட்டியல் நீளம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் இ-பாஸ் கொண்டுவந்தபோது மலைவாசிகள் பேசியதும் ஏறக்குறைய இதே பேச்சுதான். ஒரே வித்தியாசம், ஊட்டியில் கூட்டம் தங்கும். ஜூனோவில் சாயங்காலம் காணாமல் போய்விடும்.

தங்காத கூட்டத்தால் யாருக்கு லாபம்?

க்ரூஸ் பயணி ஹோட்டல் ரூம் எடுப்பதில்லை. சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே காசு கட்டியாச்சு. பசித்தால் கப்பலுக்குத் திரும்பி ஓசி போலச் சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கலாம். ஊருக்குள் அவர் செலவழிப்பது டூருக்கும் கடைக்கும்தான்.

அந்த டூரையும் பலர் கப்பலிலேயே புக் செய்துவிடுகிறார்கள். காசு முதலில் க்ரூஸ் நிறுவனத்துக்குப் போய், அதன் பங்கு கழிந்த பிறகே உள்ளூர் படகுக்காரருக்கு வருகிறது. ‘நேரா போய் புக் பண்ணினா சீப்’ என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கப்பல் வழியாக எடுத்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய் லேட்டானால் காத்திருக்காது. அடுத்த ஊருக்குச் சாலையே இல்லாத இடத்தில் கப்பலைத் தவறவிட்டால் விமான டிக்கெட்தான் கதி. இந்தப் பயமே கப்பல்களின் டூர் வியாபாரத்துக்குப் பெரிய முதலீடு.

துறைமுகத்தை ஒட்டிய தெற்கு ஃபிராங்க்ளின் தெருவில் வரிசையாக நகைக்கடைகள். அவற்றில் பல, குளிர்காலத்தில் கரீபியன் தீவுகளில் கடை போடும் வெளியூர் நிறுவனங்களுடையவை. அக்டோபரில் கடைசிக் கப்பல் போனதும் ஷட்டர் இறங்கிவிடும். அடுத்த ஆறு மாதம் அந்தத் தெருவில் உள்ளூர்க்காரருக்கு வாங்க எதுவும் இருக்காது.

நகராட்சிக்குக் கிடைப்பது இரண்டு வழி. ஒன்று, கடைகளில் 5 சதவீத விற்பனை வரி. இன்னொன்று, தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கட்டணம். நகராட்சியின் சொந்தக் கட்டணங்கள் 5 டாலரும் 3 டாலரும், மாநில வரியிலிருந்து வரும் பங்கு 5 டாலர். மொத்தம் 13 டாலர். 16 லட்சம் பேர் என்றால் இரண்டு கோடி டாலருக்கும் மேல். 32 ஆயிரம் பேர் ஊருக்கு இது சாதாரணத் தொகை இல்லை.

ஆனால் இதை இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. கப்பலுக்குச் சம்பந்தமில்லாத திமிங்கிலச் சிலைப் பூங்காவுக்கும் கடலோர நடைபாதைக்கும் எங்கள் பயணிகளின் பணம் போகிறது என்று 2016-ல் க்ரூஸ் நிறுவனங்களின் சர்வதேச சங்கம் வழக்குப் போட்டது. கட்டணம் வசூலிக்கும் உரிமை நகராட்சிக்கு உண்டு, ஆனால் அந்தப் பணம் கப்பலுக்கான சேவைகளுக்கே போக வேண்டும் என்று 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. அதாவது, கூட்டத்தால் வரும் பணம் பெரும்பாலும் கூட்டத்தைச் சமாளிக்கவே செலவாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்க முடியாது.

சட்டம் போடாமல் ஏன் பேச்சுவார்த்தை?

இந்த வழக்கு நினைவிருப்பதால்தான் ஜூனோ சட்டத்தைக் கையில் எடுக்கவில்லை. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற சிற்றூர், ஒரு நாளைக்கு 1,000 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது என்று 2022-ல் ஓட்டெடுப்பில் முடிவு செய்தது. உடனே வழக்கு. ஜூனோவோ கை குலுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2023-ல் பேசி, 2024 சீசனிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டும் என்று ஒப்பந்தம். பிறகு, ஐந்து கப்பல் என்றால் என்ன, ஒவ்வொன்றும் முன்பைவிடப் பெரிதாகிக்கொண்டே போகிறதே என்ற கேள்வி எழுந்தது. அதன் விளைவுதான் ஆட்களை எண்ணும் 2024 ஒப்பந்தம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 16,000 என்பது ஆட்கள் அல்ல, கட்டில்கள். ஓர் அறைக்கு இரண்டு கட்டில் என்று கணக்கு. அதே அறையில் குழந்தைகளோடு நான்கு பேர் தங்கினாலும் கணக்கில் இரண்டுதான். தவிர, இந்த உச்சவரம்பு கூட்டத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. இருக்கும் நிலையை அப்படியே நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. 2019-ல் சுமார் 13 லட்சமாக இருந்த எண்ணிக்கை நான்கே வருடத்தில் 16 லட்சத்தைத் தாண்டியதைப் பார்த்தால், ‘நிறுத்தி வைப்பதே’ சாதனை என்று நகராட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது போதாது என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதிலும் இருக்கிறது.

போதாது என்றவர்கள்தான் 2024 அக்டோபர் ஓட்டெடுப்பைக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமைகளிலும் ஜூலை 4 சுதந்திர தினத்தன்றும், 250 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்குத் தடை. வாரத்தில் ஒரு நாளாவது ஊர் எங்களுடையதாக இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். சுமார் 60 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். 2025 மே மாதம், 8,000 சொச்சம் பேர் வாழும் சிட்காவிலும் ஒரு ஓட்டெடுப்பு. வருடத்துக்கு மூன்று லட்சம் பயணிகள் போதும் என்ற யோசனை அங்கே இன்னும் மோசமாகத் தோற்றது.

கூட்டம் பிடித்துப்போய் விழுந்த ஓட்டுகள் என்று இவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. ரெண்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் முதலாளிமேல் கோபம் இருந்தாலும், பஸ் ஓட்டுவது பக்கத்து வீட்டுக்காரர், படகில் கைடு வேலை பார்ப்பது அண்ணன் மகள். 2020-ன் காலித் துறைமுகத்தை எல்லோரும் பார்த்தவர்கள்.

ரெண்டு ஊர், ரெண்டு விதம்

ஸ்காக்வேயில் வசிப்பவர்கள் சுமார் 1,200 பேர். சில நாட்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இறங்குகிறார்கள். ஊரின் பெரிய கவர்ச்சி, தங்க வேட்டைக் காலத்தில் போட்ட மலை ரயில் பாதை. 2018-ல் அந்த ரயிலை வாங்கிய கூட்டணியில், உலகின் மிகப் பெரிய க்ரூஸ் நிறுவனமான கார்னிவலும் ஒரு பங்காளி. கப்பலும் அவர்கள் கையில், ரயிலிலும் அவர்கள் பங்கு.

ஜூனோவுக்கு மேற்கே ஹூனா என்ற கிராமம். 900 பேர் அளவில் வாழும் டிலிங்கிட் பழங்குடி ஊர். 1912-ல் கட்டிய பழைய மீன் பதனிடும் ஆலையை, பழங்குடி மக்களே பங்குதாரர்களாக உள்ள ஹூனா டோட்டம் நிறுவனம் 2004-ல் க்ரூஸ் நிறுத்தமாகத் திறந்தது. பெயர் ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட். இங்கேயும் கப்பல் பெரிது, ஊர் சின்னது. ஆனால் இறங்கு துறையும் கடைகளும் அந்த நிறுவனத்தின் இடத்தில். எந்தக் கடை வரலாம், எது வேண்டாம் என்பதை முடிவு செய்வதும் அவர்களே. தெற்கு ஃபிராங்க்ளின் தெருவில் ஜூனோவுக்குக் கிடைக்காத அதிகாரம் இது.

ஹூனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் இன்னொரு கணக்கு. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய க்ரூஸ் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. கரையில் யாரும் இறங்குவதில்லை, கடை கிடையாது, நகை கிடையாது. பயணிகள் மேல்தளத்தில் நின்று பனியாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த நாள் அட்டவணையில் இருக்கும் பயணத்துக்குத்தான் கூடுதல் மவுசு!