இரட்டைக் குழாய் மோகம்

டர்போ கார் வாங்கிய பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "சார், ட்வின் எக்ஸாஸ்ட் போட்டால் பவர் கூடுமா?" கூடாது என்பதே என் பதில். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், ஒரே டர்போ. நான்கின் புகையும் அந்த ஒரே வாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதைப் பின்னால் இரண்டாகப் பிரித்து என்ன லாபம்? குழாயின் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 அங்குலக் குழாய் இரண்டு என்றால் 4+4=8. 3 அங்குலக் குழாய் ஒன்று என்றால் 9. ஒற்றைதான் ஜெயிக்கிறது. இரண்டரை அங்குலத்தில் இரண்டு போட்டாலும், பிரிவதற்கு முன்னால் உள்ள கழுத்து ஒன்றுதானே? எடை கூடுவதுதான் மிச்சம்.

நிசான் ஜிடி-ஆர் போல வி6 எஞ்சினும் இரண்டு டர்போவும் இருந்தால் இரண்டு குழாய்க்கு நியாயம் உண்டு.

அழகுக்கு என்றால் போட்டுக்கொள்ளுங்கள், சண்டையில்லை. ஆனால் சத்தத்துக்காகச் சைலன்சரைக் கழற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இரவு பதினொரு மணிக்குத் திடுக்கிட்டு விழித்து அழும் கைக்குழந்தைக்கு எந்த அபராதம் ஈடாகும்?

அந்தப் பணத்தில் நல்ல டயர் நாலு வாங்கிப் போடுங்கள்.