இரைச்சலும் வெள்ளமும்

மாலையில் வேலை முடிந்து, தோட்டத்து லயன் அறையிலே மத்திய அலை வானொலியைத் திருப்புவோர் இன்றும் உளர். தூரத்து நிலையமொன்றின் பாட்டு மெல்லக் கேட்கும். அடுத்த அறையில் கையடக்கத் தொலைபேசியின் சார்ஜரைச் செருகியதும் 'கிர்' என்ற இரைச்சல் எழுந்து அப்பாட்டை விழுங்கிவிடும். இஃது ஏன் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

சார்ஜரினுள்ளே ஒரு மின் ஆளி செக்கனுக்கு ஓர் இலட்சம் முறை திறந்து மூடுகிறது என்று கொள்வோம். அதன் மீடிறன் 100 கிலோஹேர்ட்ஸ். இவ்வேகத்தினாலேயே பாரமான இரும்புக் கருவுக்கு வேலையில்லாமற் போயிற்று, பெட்டியும் உள்ளங்கையளவாயிற்று. ஆயினும் இப்படி வெட்டி வெட்டி ஓடும் மின்சாரம் 600, 700, 1,000 என அம்மீடிறனின் மடங்குகளிலும் அலைகளை எழுப்புகின்றது. மத்திய அலை நிலையங்களின் இருப்பிடமும் அதுவே. வரிசை அறைகளுக்கு ஓடும் மின்கம்பிகள் அந்த இரைச்சலை அண்டை வீட்டுக்கும் சுமந்து செல்கின்றன.

இதற்குப் பொறியியலாளர் கண்ட உபாயத்தை இரத்தினபுரி மக்கள் எளிதில் உணர்வர். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகி ஊரை மூழ்கடித்தது. கொட்டிய நீர் குறுகிய வேளையில் குவிந்தமையே கேடு. அதே நீர் பல வாரத் தூறலாய்ப் பெய்திருப்பின், இறப்பர் மரத்திற் பால்வெட்டு நின்றிருக்குமேயன்றி வீடு மிதந்திராது.

அவ்வாறே, ஆளியின் மீடிறனை ஒரே இடத்தில் நிறுத்தாது 98-க்கும் 102-க்கும் இடையே ஓயாது அசைத்துக்கொண்டிருப்பர். அப்பொழுது பத்தாம் மடங்கு 980 முதல் 1,020 வரை, 40 கிலோஹேர்ட்ஸ் அகலத்திற்குப் பரவும். வானொலி இடையூறுகளை ஆராய 1934-இல் தோன்றிய 'சிஸ்பர்' என்னும் சர்வதேசக் குழுவின் விதிப்படி, இப்பகுதியை அளக்கும் கருவியின் சாளரம் 9 கிலோஹேர்ட்ஸ் மட்டுமே. ஆகவே அதனுள் விழும் சக்தி, சராசரியில், நாலிலொரு பங்களவாகக் குறைகின்றது. மடங்கு ஏற ஏறப் பரவலும் ஏறும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இரைச்சல் பங்கிடப்பட்டதேயன்றி அழிக்கப்படவில்லை. 1,000-இல் இருந்த நிலையத்துக்குத் தொல்லை குறைந்தது. 990-இல் தெளிவாயிருந்த நிலையத்துக்கோ புதிதாய் ஒரு முணுமுணுப்பு வந்து சேர்ந்தது. அளவுகருவி திருப்தியடைவதும் கேட்பவர் காது திருப்தியடைவதும் ஒன்றல்ல. எனவே இவ்வுபாயம் வடிகட்டிக்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது. விலையைக் குறைப்பதற்காக வடிகட்டிச் சுருளை விட்டுவிட்ட சார்ஜர், மீடிறனை எவ்வளவு அசைத்தாலும் நல்ல அயலவன் ஆகாது.

வீட்டிலே செய்யக்கூடியதும் உண்டு. பற்றரியில் இயங்கும் வானொலியை ஒலிக்கவிட்டு, சார்ஜர்களையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாய் நிறுத்திப் பாருங்கள். எதனை நிறுத்த இரைச்சல் ஓய்கிறதோ அதுவே குற்றவாளி. அதனைத் திறந்து பார்க்க மட்டும் முனையவேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதற்குப் பதிலாய் நல்லதொன்றை வாங்கினால், பயன் நம் வீட்டோடு நில்லாது; ஒரே கூரையின் கீழ் வாழும் அத்தனை குடும்பங்களுக்கும் உரியதாகும்.